ஸ்லைடரைத் தொடும் முன் ஒரு பேனாக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் படிக்கப் புத்தகம் நல்லதா, திரை நல்லதா என்ற பேச்சு உங்கள் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. கண் கெடும், கவனம் சிதறும், பை கனக்கும் என்று இரண்டு தரப்பும் சொல்லிவிட்டு அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எந்தப் பாடம், அந்தப் பாடத்தில் எந்த இடம் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வரலாற்றுக்கு ஒரு பதில் இருக்கலாம், மொழிப்பாடத்துக்கு வேறு பதில் இருக்கலாம். நான் இருபது வருடத்துக்கு மேலாக ப்ரீகால்குலஸ் சொல்லிக்கொடுக்கிறேன், அதாவது நுண்கணிதத்துக்குள் நுழைவதற்கு முன் கைவசம் இருக்க வேண்டிய கணிதம், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில நாடுகளில், முக்கியமாக வட அமெரிக்காவில், இது தனிப் பெயரில் தனிப் பாடமாக இருக்கிறது. மற்ற இடங்களில் பள்ளியின் கடைசி இரண்டு மூன்று வருடக் கணிதத்துக்குள் கலந்திருக்கும். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பவை சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குக்குறிகள், மடக்கை (லாகரிதம்), முக்கோணவியல் இவைதான். அதுவரைக்கும் பிள்ளை ‘எக்ஸ் எவ்வளவு’ என்று கண்டுபிடித்துப் பழகியிருக்கும். இங்கே வந்ததும் எக்ஸ் ஒரு எண்ணாக நிற்காமல் ஓட ஆரம்பிக்கிறது, அது ஓடும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. ஒரே சார்பு ஒரு பக்கத்தில் சூத்திரமாக வரும், அடுத்த பக்கத்தில் அட்டவணையாக வரும், அப்புறம் வரைபடமாக, சில சமயம் ஒரு வாக்கியமாக. நாலும் ஒரே ஆள்தான் என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. இந்தப் பாடத்தில் ஒரு விஷயம் தாளில் இருக்கிறதா திரையில் இருக்கிறதா என்பது கற்பதையே மாற்றிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒரு வரிசையில் வேண்டும். முதலில் கை தாளில் ஒரு ஊகத்தைப் போட வேண்டும், அப்புறம் திரை ஓட வேண்டும், அதற்கப்புறம் மறுபடி தாளுக்கு வந்து ‘ஏன் அப்படி’ என்று இரண்டு வரி எழுத வேண்டும். என் கைக்கு வந்த பாடப்பொருள்களில் இந்த வரிசையைப் பார்ப்பது அபூர்வம். புத்தகத்தை ஒரு குழு எழுதியிருக்கும், மென்பொருளை வேறொரு குழு செய்திருக்கும், இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பு என்று அட்டையில் போட்டிருப்பார்கள், ஆனால் புத்தகத்தின் 212ஆம் பக்கத்துக்கும் திரையில் அன்று ஓடுவதற்கும் ஒட்டு உறவே இருக்காது.

இதை நான் ஒரு மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன். அந்த வருடம் எங்கள் வகுப்பில் முக்கோணவியல் சார்புகள் முழுக்க திரையிலேயே நடந்தன. பயிற்சி இப்படி இருக்கும்: புள்ளிக்கோட்டில் ஒரு அலை தெரியும், கீழே நாலு ஸ்லைடர்கள், ஒன்று உயரத்துக்கு, ஒன்று நெருக்கத்துக்கு, ஒன்று இடம் வலம், ஒன்று மேல் கீழ். அவற்றை நகர்த்தி நம் அலையைப் புள்ளிக்கோட்டின் மேல் பொருத்த வேண்டும், பொருந்தினால் பச்சை டிக் விழும். அவளுக்கு எல்லாமே பச்சை, அதுவும் ஒரு நிமிடத்துக்குள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து வெறும் தாளைக் கொடுத்து 3 சைன் 2எக்ஸ் வரையச் சொன்னேன். இரண்டு அச்சுகளையும் அழகாகப் போட்டாள், அதோடு பென்சில் நின்றுவிட்டது. எங்கே தொடங்குவது, எவ்வளவு உயரம் போவது, ஒரு சுற்று எங்கே முடியும், எதுவும் வரவில்லை. “நகர்த்திப் பார்த்தால் வந்துடும் டீச்சர்” என்றாள். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவள் சோம்பேறி கிடையாது, கவனக்குறைவும் கிடையாது. விரலும் கண்ணும் சேர்ந்தே வேலையை முடித்துவிட்டதால் யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை, அந்த மாதிரி ஒரு பயிற்சியை நாங்கள் அவள் கையில் கொடுத்திருந்தோம்.

அடுத்த வருடம் அதே கருவியை வைத்துக்கொண்டேன், ஆனால் அதற்கு முன்னால் அரைத்தாள் ஒன்று. அதில் அச்சுகள் மட்டும், மூன்று கட்டம். ஸ்லைடரைத் தொடாமல், எக்ஸுக்குப் பதில் 2எக்ஸ் போட்டால் அலை அகலுமா நெருங்குமா என்று பேனாவால் வரையச் சொன்னேன், அழிக்க முடியாதபடி. வகுப்பில் பாதிப் பேர் அகலமாக வரைந்தார்கள், 2 பெரிய எண், அதனால் அலையும் பெரிதாகும் என்று. அப்புறம் நகர்த்தினார்கள், அலை நெருங்கியது. அந்த நேரத்து அமைதியை எந்தப் பச்சை டிக்கும் தராது. தான் வரைந்தது கண் முன்னால் தாளில் இருக்கிறது, திரை வேறு மாதிரி சொல்கிறது, இப்போது காரணம் தேடியே ஆக வேண்டும். 2எக்ஸ் ஒரு முழுச் சுற்றைத் தொட எக்ஸ் பாதி தூரம் போனாலே போதும், அதனால் அலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று ஒரு பையன் எழுதினான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே நாளில் சைன் (2எக்ஸ் − பை/3) எவ்வளவு நகரும் என்று கேட்டபோது பை/3 என்று பலர் எழுதினார்கள், இது வருடா வருடம் வருகிற தவறு, திரையில் பார்த்தால் பை/6 தான் நகர்ந்திருக்கும். ஏன் பாதி? முன்பு எழுதிய அந்த வரியே இங்கேயும் பதில். தாள், திரை, தாள், அவ்வளவுதான். கூடுதல் செலவு ஒரு அரைத்தாள்.

திரை எப்போதும் உண்மை சொல்லும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், அச்சில் வந்தது எப்போதும் சரி என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். இந்தப் பாடத்தில் இரண்டு நம்பிக்கையும் உடைய வேண்டும், அதற்கு இரண்டு கணக்கு போதும். முதல் கணக்கு: வர்க்கமூலத்துக்குள் எக்ஸ் + 5, அது எக்ஸ் − 1க்குச் சமம். தாளில் பிள்ளை இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தும், எக்ஸ்² − 3எக்ஸ் − 4 = 0 என்று வரும், காரணிப்படுத்தினால் 4, −1 என்று இரண்டு விடை. ஒவ்வொரு வரியும் சரி மாதிரிதான் இருக்கும். இப்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனி வரைபடமாகத் திரையில் போடுங்கள், வெட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான், 4இல். −1 எங்கே போனது? போட்டுப் பார்த்தால் இடது பக்கம் 2, வலது பக்கம் −2. வர்க்கப்படுத்தும்போது 2க்கும் −2க்கும் வித்தியாசம் அழிந்துபோயிருக்கிறது, அந்த வழியாகப் பொருந்தாத ஒரு மூலம் உள்ளே நுழைந்துவிட்டது. இங்கே தாள் ஏமாந்தது, திரை காப்பாற்றியது.

இரண்டாவது கணக்கு: எக்ஸ்² − 4ஐ எக்ஸ் − 2ஆல் வகுக்கும் விகிதமுறு சார்பு. திரையில் போட்டால் ஒரு நேர்கோடு வரும், பெரும்பாலான கருவிகளில் எந்த இடைவெளியும் தெரியாது, எக்ஸ் + 2 என்ற கோட்டைப் போட்ட மாதிரியே இருக்கும். ஆனால் எக்ஸ் 2 ஆகும்போது கீழே பூஜ்ஜியம், அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை, கோட்டில் ஒரு புள்ளி அளவு துளை இருக்கிறது. திரை புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுக் கோடு போடுவது, அகலமே இல்லாத ஒரு துளை அதன் கண்ணில் படாது. தாளில் காரணிப்படுத்தும் பிள்ளைக்கு அது தெரியும், எக்ஸ் − 2ஐ அடிக்கும் அந்த நொடியில் ‘எக்ஸ் 2 ஆகக் கூடாது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தால். நாளைக்கு நுண்கணிதத்தில் எல்லை என்று ஒன்று வரும்போது அது இந்தத் துளையிலிருந்துதான் தொடங்கும், மதிப்பு இல்லாத இடத்தை நெருங்கினால் எதை நோக்கிப் போகிறோம் என்று. துளையைப் பார்க்காமல் வந்த பிள்ளைக்கு எல்லை என்பது வெறும் குறியீடு. இங்கே திரை ஏமாந்தது, தாள் காப்பாற்றியது.

இந்த இரண்டு கணக்கையும் அடுத்தடுத்த நாள் செய்த பிள்ளை எந்தக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. எல்லாப் பாடநூலிலும் இந்தக் கணக்குகள் எங்கோ இருக்கின்றன, ஆனால் ஒன்று ஒரு அத்தியாயத்தில், மற்றது வேறு அத்தியாயத்தில், இரண்டையும் சேர்த்துப் பார் என்று சொல்ல ஆள் இல்லை.

ரேடியனைப் பற்றி ஒரு வார்த்தை. கோணத்துக்குப் பாகை போதாதா, ரேடியன் எதற்கு என்று ஒவ்வொரு வகுப்பும் கேட்கிறது, நியாயமான கேள்வி. (அந்தச் சொல்லே அச்சில் முதலில் வந்தது 1873இல், பெல்ஃபாஸ்டில் ஒரு கல்லூரித் தேர்வுத் தாளில்.) கணிப்பானில் சைன் 30 தட்டினால் ஒருவருக்கு 0.5 வரும், பக்கத்தில் இருப்பவருக்கு −0.988 வரும், ஒன்று பாகை, மற்றது ரேடியன். வரைபடக் கருவி பாகையில் இருக்கும்போது சைன் எக்ஸ் போட்டால் −10 முதல் 10 வரையில் அச்சோடு ஒட்டிய ஒரு சாய்ந்த கோடு மட்டும் தெரியும், அலையையே காணோம் என்று பிள்ளை பதறும். இதற்கு நான் முதல் நாள் எந்தத் திரையையும் திறப்பதில்லை. ஒரு வட்ட மூடி, ஒரு நூல். ஆரத்தின் நீளத்துக்கு நூலை வெட்டி விளிம்பின் மேல் வளைத்து வைக்கச் சொல்வேன், ஒரு தடவை வைத்தால் அதுதான் ஒரு ரேடியன், முழுக்கச் சுற்றி வர ஆறு தடவையும் அதற்கு மேல் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடவும் வேண்டியிருக்கும். அப்புறம்தான் திரை. அலகு வட்டத்தின் மேல், அதாவது ஆரம் ஒன்றாக உள்ள வட்டத்தின் மேல், ஒரு புள்ளி சுற்றுகிறது, பக்கத்தில் அதன் உயரம் மட்டும் அலையாக விரிகிறது. அச்சுப் புத்தகத்தால் இதைச் செய்யவே முடியாது, ஐந்து படங்களை வரிசையாகப் போட்டாலும் முடியாது. நான் படிக்கிற காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் சைன் என்பது முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் விகிதம் என்பதோடு நின்றிருக்க மாட்டேன், அலை என்று புரியக் கல்லூரி வரை காத்திருந்திருக்க மாட்டேன். திரைக்கு நான் எதிரி இல்லை என்பது இதில் தெரியட்டும்.

மடக்கைக்கு வந்தால் நிலைமை நேர்மாறு. நேப்பியர் என்ற கணிதவியலாளர் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614இல், பிறகு பிரிக்ஸ் என்ற இன்னொரு கணிதவியலாளர் அதைப் பத்தின் அடிமானத்துக்குக் கொண்டுவந்தார், முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அந்த அச்சிட்ட எண்கள்தான் உலகத்தின் கணிப்பான். 1972இல் சட்டைப்பையில் வைக்கும் அறிவியல் கணிப்பான் வந்தது, 1985இல் வரைபடமே போடும் கணிப்பான் வந்தது, இன்று ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் என்ற வரைபடச் செயலிகள் போனிலேயே இலவசமாக இருக்கின்றன. அட்டவணை போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, பெருக்கலுக்காக யாரும் அதைப் புரட்ட வேண்டாம். ஆனால் அட்டவணை வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது, அது போனதை யாரும் கவனிக்கவில்லை. பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் வருமோ அதுதான் அந்த எண்ணின் மடக்கை. 2இன் மடக்கை 0.3010, 20இன் மடக்கை 1.3010, 200க்கு 2.3010. பத்தால் பெருக்கினால் ஒன்று கூடுகிறது. 2க்கும் 3க்கும் உரிய எண்களைக் கூட்டினால் 6க்கு உரியது வருகிறது, 0.3010, 0.4771, கூட்டினால் 0.7781, அட்டவணையில் 0.7782, கடைசி இலக்கத்தில் மட்டும் முழுமையாக்கியதால் வரும் வித்தியாசம். ஒரு பக்கத்தில் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது கண் தானாகவே இதைக் கண்டுபிடிக்கும். கணிப்பான் ஒரு நேரத்தில் ஒரு எண்ணைக் காட்டி முந்தையதை மறைத்துவிடும். அதனால் என் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பக்கம், 1 முதல் 100 வரைக்கும் மடக்கை, அச்சிட்டுக் கொடுக்கிறேன். விதியைச் சொல்லாமல் பென்சிலோடு உட்காரச் சொல்கிறேன். பெருக்கல் கூட்டலாக மாறுகிற விதியை அவர்களே எழுதுகிறார்கள், எழுதியதற்கப்புறம் அது மறப்பதில்லை. புதிய பாடநூல்களில் இந்த ஒரு பக்கத்தைத் திருப்பிச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

தானாகத் திருத்தும் வீட்டுப்பாடத் தளங்களைப் பற்றி எனக்கு வேறு வருத்தம். உடனே சரியா தவறா என்று சொல்வது பெரிய உதவி, நூற்றைம்பது நோட்டுகளைத் திருத்தி மறுநாளே திருப்பித் தர எந்த ஆசிரியராலும் முடியாது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போவது கடைசி விடை மட்டும். நாங்கள் சில காலம் பயன்படுத்திய ஒரு தளத்தில் ஒன்றின் கீழ் வர்க்கமூலம் இரண்டு என்று எழுதினால் தவறு, வர்க்கமூலம் இரண்டின் கீழ் இரண்டு என்று எழுதினால் சரி. இரண்டும் ஒரே எண். ஒரு பையன் தன் கணக்கே தப்பு என்று நினைத்து முழுவதையும் அழித்துவிட்டு மூன்று தடவை திரும்பச் செய்திருக்கிறான், கடைசியில் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். மறுநாள் நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டு இருந்ததால் தெரிந்தது. இன்னொரு பக்கம், ஐந்து முயற்சி உண்டு என்றால் முதல் நாலை ஊகத்துக்கே செலவழிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், படம் பிடித்தால் வரிவரியாக விடை தருகிற செயலிகளும் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. தடை போட்டு இதைத் தீர்க்க முடியாது. விடையோடு, எந்த வரியில் எந்த விதியைப் பயன்படுத்தினாய் என்று கையால் எழுதிய ஒரு பக்கமும் வேண்டும் என்று கேட்டால் போதும், அதைத் திருத்துவதற்கு எனக்கு நேரம் கொடுத்தாலும் போதும்.

கையால் எழுதுவது பழைய பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு 2023இல் ஏபி ப்ரீகால்குலஸ் என்ற பாடத்தை, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடமாகத் தொடங்கி 2024 மே மாதம் முதல் தேர்வை நடத்தியது. அதில் 40 கொள்குறிக் கேள்விகள், 28க்குக் கணிப்பான் கூடாது, 12க்கு வரைபடக் கணிப்பான் வேண்டும். நாலு விரிவான கேள்விகள், அதிலும் இரண்டுக்குக் கணிப்பான் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. 2025 முதல் கேள்விகள் திரையில் வருகின்றன, ஆனால் அந்த நாலு விரிவான விடைகளையும் மாணவர்கள் தாளில் கையால்தான் எழுதுகிறார்கள். அந்தத் தேர்வைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அது வேறு கடிதம். எந்த வேலை திரைக்கு, எந்த வேலை தாளுக்கு என்று கேள்வி கேள்வியாகப் பிரித்து முடிவு எடுத்திருக்கிறார்கள் பாருங்கள், பாடப்பொருள் தயாரிப்பவர்களிடமும் நான் கேட்பது அதைத்தான்.

படிப்பதற்குத் தாள் மேல் என்பதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்தது. தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்று அதிகம், நேரக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த வித்தியாசம் கூடியது, கதைகளில் வித்தியாசம் தெரியவில்லை, தகவல் சொல்லும் உரைகளில் தெரிந்தது. அது பொதுவான வாசிப்பைப் பற்றியது, கணக்குப் புத்தகத்தைப் பற்றியது இல்லை, அதனால் அதை வைத்து ரொம்பப் பெரிதாக வாதாட மாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை யாரும் கதை மாதிரி ஓடவிட்டுப் படிப்பதில்லை, ஒரு வரியிலிருந்து மேலே மூன்றாவது வரிக்குப் போய்த் திரும்ப வேண்டும், படத்தில் ஒரு விரல், சூத்திரத்தில் ஒரு விரல் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். படமும் விளக்கமும் போன் திரையில் ஒன்றாக நிற்காது, ஒன்றைப் பார்க்கும்போது மற்றது மேலே ஓடிவிடும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிப் போனில் போட்டுவிட்டு அதற்கு ‘டிஜிட்டல் பாடப்பொருள்’ என்று பெயர் வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். தாளின் நல்லதும் போய்விடும், திரையின் நல்லதும் வராது. சூத்திரம் எல்லாம் வெறும் படமாக இருப்பதால் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அந்த இடத்துக்கு வந்ததும் மௌனமாகிவிடும். சூத்திரங்களை இணையத்தில் எழுத்தாகவே எழுதுவதற்கான மேத்எம்எல் என்ற முறை 1998இலேயே தரமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் வசதி டெஸ்மோஸில் இருக்கிறது, பிரெய்லில் கணிதம் எழுத நெமத் என்ற பார்வையற்ற கணிதவியலாளர் உருவாக்கிய முறை அதற்கெல்லாம் முன்பே உண்டு. வழி இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. என் வகுப்பில் பார்வை குறைந்த மாணவி ஒருத்தி இருந்தாள், ஒரு பரவளையத்தை நூலும் பசையும் வைத்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன், விரலால் தடவிப் பார்த்து உச்சி எங்கே என்று சரியாகச் சொன்னாள். ஒரு நூல் செய்ததைப் பல மெகாபைட் பிடிஎஃப் செய்யவில்லை.

அப்புறம் சந்தா. ஒரு வருட அனுமதிக் குறியீடு என்று வாங்குகிறோம், வருடம் முடிந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. இந்தப் பாடத்தின் பெயரிலேயே இருக்கிறது, இது இன்னொன்றுக்கு முன்படி. அடுத்த வருடம் நுண்கணித வகுப்பில் முக்கோணவியல் முற்றொருமை ஒன்று மறந்துபோய்த் திரும்பிப் பார்க்க வேண்டிய நேரத்தில் புத்தகம் கையில் இல்லை, தான் எழுதிய குறிப்புகளும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டன. என் பழைய மாணவர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. திறந்த உரிமத்தில் நூல்கள் இல்லாமல் இல்லை, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2014இல் ப்ரீகால்குலஸ் நூல் ஒன்றை வெளியிட்டது, இணையத்தில் இலவசம், யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம், தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், மூலத்தைச் சொன்னால் போதும். அதில் குறைகள் உண்டு, எனக்கு அது சில இடங்களில் வளவளவென்று இருக்கிறது. ஆனால் வருடம் முடிந்ததும் மூடிக்கொள்வதில்லை, அது போதும் எனக்கு.

சரி, என்ன மாதிரி பாடப்பொருள் வேண்டும் என்று கேட்டால், நான் ஆயிரம் பக்கப் புத்தகம் கேட்கவில்லை. மெலிதான, பிள்ளை எழுதி நிரப்பி வைத்துக்கொள்ளக்கூடிய அச்சுப் பயிற்சி ஏடு ஒன்று வேண்டும். அதில் தீர்த்துக் காட்டிய கணக்குகள் இருக்க வேண்டும், 1985இலேயே ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் இயற்கணிதத்தில் செய்த ஆய்வில் புதிதாகக் கற்பவர்களுக்குத் தீர்த்த கணக்குகளைப் படிப்பது எவ்வளவு உதவுகிறது என்று காட்டிவிட்டார்கள். ஆனால் அவற்றை அப்படியே நிறைய அடுக்காமல், முதல் கணக்கு முழுதாக, அடுத்ததில் கடைசி வரி காலியாக, அதற்கடுத்ததில் பாதி காலியாக என்று கையை மெதுவாக விட வேண்டும். தப்பாகத் தீர்த்த கணக்குகளும் வேண்டும், ‘இதில் பிழை எந்த வரியில்’ என்று. அச்சில் தப்பு வருவதா என்று ஒரு பதிப்பாசிரியர் என்னிடம் தயங்கினார், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

திரைக்குப் போக வேண்டிய இடங்கள் அந்த ஏட்டிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும், ஒரு பாடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும், எல்லாப் பக்கத்திலும் கியூஆர் குறி ஒட்டுவதால் பயனில்லை. இரண்டு வருடத்தில் பாதிச் சுட்டிகள் செத்துவிடும், அதனால் இணையம் இல்லாமலும் ஓடுகிற கோப்பாகவும் கொடுக்க வேண்டும். திரையைத் திறப்பதற்கு முன் ஊகத்தை வரைய ஒரு காலிக் கட்டமும், மூடியதற்கப்புறம் காரணம் எழுத மூன்று வரி இடமும் அச்சில் இருக்க வேண்டும். அந்தக் காலி இடம்தான் பாடப்பொருளின் முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன், அச்சுச் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

பெற்றோர் சிலர் என்னிடம் வந்து எந்தச் செயலி வாங்கலாம் என்று கேட்கிறார்கள், அக்கறையில்தான் கேட்கிறார்கள். எதுவும் வாங்க வேண்டாம், இரவில் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ‘இந்தக் கோடு ஏன் இப்படி வளைகிறது, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள், உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

அடுத்த கல்வியாண்டுக்குப் பாடநூலோ மென்பொருளோ தேர்வு செய்யும் குழுக்களில் இருப்பவர்கள் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு வேண்டுகோள். விற்பனைக்கு வருபவர்களின் விளக்கக் காட்சியைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பயிற்சி ஏட்டையும் அந்தச் செயலியையும் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, மேலே நான் சொன்ன இரண்டு கணக்கையும், வர்க்கமூலத்தையும் துளையையும், நீங்களே பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஏடு எந்த இடத்தில் உங்களைத் திரைக்கு அனுப்புகிறது, திரை எந்த இடத்தில் திருப்பி அனுப்புகிறது என்று கவனியுங்கள். எங்கேயும் அனுப்பவில்லை என்றால் அந்தத் தொகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை